கவிதை எழுதும் ராஜா விண்வெளிக்கு நல்லவரா?

அரை நிலா தெரியும் ஒரு மாலையில் சின்ன டெலஸ்கோப் ஒன்று கையில் கிடைத்தால், நிலவின் நடுப்பகுதியைப் பாருங்கள். வெளிச்சமும் இருட்டும் பிரிகிற கோட்டை ஒட்டி மூன்று பெரிய பள்ளங்கள் வரிசையாகத் தெரியும். வடக்கே இருப்பது டாலமி. தெற்கே இருப்பது அர்சாகெல். நடுவில் அல்ஃபோன்சஸ். (சில டெலஸ்கோப்பில் தலைகீழாகத் தெரியும், குழம்ப வேண்டாம்.)

டாலமி யார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்துகொண்டு வானியலுக்கே பாடப்புத்தகம் எழுதியவர். அர்சாகெல் என்பது அல்-ஸர்காலி. 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டொலேடோ நகரில் வாழ்ந்த முஸ்லிம் வானியலாளர், கருவிகள் செய்வதில் கில்லாடி. இந்த ரெண்டு பேருக்கும் நிலாவில் இடம் கொடுத்ததில் ஆச்சரியம் இல்லை.

நடுவில் இருப்பவர்தான் விசேஷம். அவர் விஞ்ஞானி இல்லை, ராஜா. காஸ்டிலை ஆண்ட பத்தாம் அல்ஃபோன்சோ. பெரிய போர்களை ஜெயித்து அந்த இடத்தைப் பிடித்தாரா என்றால் அதுவும் இல்லை. கடைசிக் காலத்தில் பெற்ற மகனே அவருக்கு எதிராகக் கிளம்பி நாட்டைப் பிடுங்கிக்கொண்டான். பிறகு எப்படி 110 கிலோமீட்டர் அகலப் பள்ளத்துக்கு அவர் பெயர்?

இந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் படக் காரணம் உண்டு. இஸ்ரோ ஒரு ராக்கெட் விட்டால் போதும், நம் வாட்ஸ்அப் குரூப்களில் ரெண்டு கட்சி உருவாகிவிடும். "சோத்துக்கு வழியில்லாத நாட்டுக்கு ராக்கெட் எதுக்கு?" என்பது ஒன்று. "தலைவர் என்னமா பேசினார் பாத்தியா, புல்லரிக்குது" என்பது இன்னொன்று. ரெண்டுமே பாதை மாறிப் போகிற பேச்சு என்பது என் கட்சி. விண்வெளிக்குச் செலவு செய்யலாமா என்பதைவிட, அங்கே தெரிந்துகொண்டதை யாருக்காக, எந்த மொழியில் எழுதி வைக்கிறோம் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. எழுத்து தெரிந்த ஆட்சியாளர்களின் கதையைப் பார்த்தால் இது புரியும்.

மண்ணைக் கோட்டை விட்டவர்

அல்ஃபோன்சோ 1252 முதல் 1284 வரை ஆண்டார். மேரி மாதாவைப் பற்றி 400க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட தொகுப்பு அவர் பெயரில் இருக்கிறது. சட்டத் தொகுப்பு, வரலாறு, சதுரங்கம் பற்றிய புத்தகம் என்று அவர் அரண்மனையில் எழுத்து வேலை ஓயவே இல்லை. வானியலும் அதில் ஒன்று. யெஹுதா பென் மோஷே, ஐசக் பென் சித் என்ற ரெண்டு யூத அறிஞர்களை வைத்து, சூரியன், நிலா, கோள்கள் எந்த நாளில் எங்கே இருக்கும் என்று கணிக்க உதவும் அட்டவணைகளை உருவாக்கினார். கணக்கின் தொடக்கப்புள்ளி அவர் பட்டமேறிய 1252. கொஞ்சம் தற்பெருமை, விட்டுவிடலாம்.

இதில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகிற ஒரு விஷயம் மொழி. அன்றைய ஐரோப்பாவில் அறிவியல் என்றால் லத்தீன்தான். அல்ஃபோன்சோ அரபியில் இருந்த வானியல் நூல்களைத் தன் ஊர் பேச்சுமொழியான காஸ்டிலியத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். இன்றைக்கு ஸ்பானிஷ் என்கிறோமே, அதன் தாய்வடிவம். நட்சத்திரத்தைப் பற்றி எழுதும் தகுதி அந்த மொழிக்கு உண்டு என்று ஒரு ராஜா முடிவெடுத்ததால் வார்த்தைகள் பிறந்தன, வாக்கியம் உறுதியானது. பாட்டுக்குக்கூட அவர் வேறு மொழியைத்தான் பயன்படுத்தினார். கலீசிய-போர்ச்சுகீசியம். அறிவியலுக்கும் சட்டத்துக்கும் சொந்த ஊர் பாஷை! நம்ம ஊர் வழக்கத்துக்கு நேர்த் தலைகீழ்.

அட்டவணைகளின் காஸ்டிலிய மூலம் முழுசாக மிஞ்சவில்லை. அதைப் பயன்படுத்தும் முறையைச் சொல்லும் பகுதிதான் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் பாரீஸிலிருந்து லத்தீன் வடிவில் ஐரோப்பா முழுக்கப் பரவி, சுமார் முந்நூறு ஆண்டு புழக்கத்தில் இருந்தது. போலந்தில் மாணவராக இருந்த கோப்பர்நிகஸும் அச்சுப் பிரதி ஒன்றை வைத்திருந்தார். பூமி நடுவில் இல்லை என்று பின்னாளில் சொன்ன அதே கோப்பர்நிகஸ்தான்.

வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து மண்ணைக் கோட்டை விட்டவர் என்று அல்ஃபோன்சோவைப் பின்னால் வந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கு இடிக்கிறது. அவர் கஜானாவைக் காலி செய்தது வானியல் இல்லை. புனித ரோமப் பேரரசர் பட்டம் வேண்டும் என்று கிட்டத்தட்ட இருபது வருஷம் பணத்தைக் கொட்டினார். வரி ஏறியது, நாணயத்தின் மதிப்பு குறைந்தது. 1275-ல் அந்த ஆசையைக் கைவிட்டபோது எரிச்சல்தான் மிச்சம். கிரீடத்துக்குக் கொட்டிய பணத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. நாலு அறிஞர்களுக்குக் கொடுத்த சம்பளம்தான் மிஞ்சியது. "ராக்கெட் எதுக்கு" என்று கேட்பவர்கள் ஆட்சியாளர்களின் மற்ற செலவுகளையும் ஒரு கண் பார்க்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

குதிரை மேல் கணக்குப் போட்டவர்

அல்ஃபோன்சோவுக்கு நூற்றைம்பது ஆண்டு கழித்து, இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள சமர்கந்துக்கு வருவோம். டெல்லியைச் சூறையாடிய தைமூரை நமக்குத் தெரியும். அவருடைய பேரன் உலுக் பேக். தாத்தா வாளோடு போன ஊர்களுக்குப் பேரன் ஆள் அனுப்பிக் கணக்கு வாத்தியார்களைக் கூட்டி வந்தார். 1420 வாக்கில் பெரிய மதரஸா ஒன்று எழுந்தது, அடுத்த சில ஆண்டுகளில் வான்நோக்கு நிலையம். அதில் இருந்த கோணமானியின் ஆரம் சுமார் 40 மீட்டர். பத்துப் பன்னிரண்டு மாடி உயரம்! டெலஸ்கோப் வருவதற்கு இன்னும் கிட்டத்தட்ட இருநூறு ஆண்டு இருந்தது. கண்ணால் மட்டும் பார்த்துத் துல்லியம் வேண்டுமென்றால் கருவியைப் பெரிதாக்குவதுதான் வழி.

கிடைத்த துல்லியம் சாதாரணமில்லை. நட்சத்திரங்களை வைத்து அளக்கும் ஆண்டின் நீளம் 365 நாள் 6 மணி 10 நிமிடம் 8 விநாடி என்று கணக்கிட்டார்கள். இன்றைய கணக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. 1,018 நட்சத்திரங்களின் இடங்களைப் பட்டியல் போட்டு 1437-ல் நூலாக்கினார்கள். அறிவியலுக்கு அரபி என்றிருந்த காலத்தில், அந்த ஊர் படித்தவர்கள் அன்றாடம் புழங்கிய பாரசீகத்தில் அதை எழுதினார்கள்.

அங்கே வேலை பார்த்த கணித மேதை அல்-காஷி, சொந்த ஊரில் இருந்த அப்பாவுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. புது வேலையில் சேர்ந்த பையன் வீட்டுக்கு எழுதுகிற கடிதம் மாதிரியே இருக்கும். சுல்தான் வகுப்பில் மாணவர்களோடு உட்கார்ந்து வாதம் செய்கிறார், குதிரையில் போகும்போதே சூரியன் நிற்கும் இடத்தை மனக்கணக்காகப் போடுகிறார் என்றெல்லாம் சொல்கிறார். கூடவே, இங்கே இருக்கிற மற்றவர்களைவிட நான்தான் கெட்டிக்காரன் என்ற தொனியும் தெரியும். அதுவும் புது வேலைக் கடிதத்துக்கு உரியதுதானே.

ஆனால், நல்ல கணக்கு வாத்தியார் நல்ல அரசியல்வாதியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. 1447-ல் தந்தை ஷாருக் இறந்த பிறகு பேரரசு முழுவதும் தன் கைக்கு வர வேண்டிய நேரத்தில் உலுக் பேக் திணறினார். 1449-ல் சொந்த மகன் அப்துல் லத்தீஃபிடம் போரில் தோற்றார். மெக்காவுக்குப் போகிறேன் என்று கிளம்பியவரை வழியிலேயே தலையை வெட்டிக் கொன்றார்கள், மகனின் உத்தரவின் பேரில். அந்த மகனும் சில மாதம்தான் தாக்குப்பிடித்தான்.

வான்நோக்கு நிலையம் அழிந்தது. எந்த அளவுக்கு என்றால், அது எங்கே இருந்தது என்பதே ஊருக்கு மறந்துபோனது. 1908-ல் வியாட்கின் என்ற ரஷ்ய ஆய்வாளர் பழைய அறக்கொடைப் பத்திரம் ஒன்றில் இடக்குறிப்பைப் படித்துவிட்டுப் போய்த் தோண்டினார். நிலத்துக்குள் இறங்கியிருந்த கோணமானியின் அடிப்பகுதி கிடைத்தது. இன்றும் போய்ப் பார்க்கலாம். 40 மீட்டர் கருவி இருந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தது ஒரு காகிதம்.

நூல் தப்பித்ததும் அப்படித்தான். உலுக் பேக்கின் மாணவர் அலி குஷ்ஜி அட்டவணைகளோடு சமர்கந்தை விட்டுக் கிளம்பி, கடைசியில் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து அது பல ஊர் போனது. 1665-ல் ஆக்ஸ்ஃபோர்டில் நட்சத்திரப் பட்டியல் அச்சானது. நம் பக்கம் ஜெய்ப்பூருக்கும் வந்தது. டெல்லி, ஜெய்ப்பூர் எனப் ஐந்து ஊர்களில் ஜந்தர் மந்தர் கட்டிய இரண்டாம் ஜெய் சிங், உலுக் பேக்கின் பட்டியலைத் தன் காலத்துக்குத் திருத்தித்தான் பாரசீகத்தில் நூல் போட்டார். டாலமியையும் யூக்ளிடையும் அரபியிலிருந்து சம்ஸ்கிருதத்துக்கு மாற்ற வைத்தார். சமர்கந்தின் பாரசீகத்தையோ ஜெய்ப்பூரின் சம்ஸ்கிருதத்தையோ சந்தையில் காய் விற்பவரின் மொழி என்று சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் வானம் வேறு யாருடைய பாஷையிலோ பூட்டிக் கிடக்கட்டும் என்று இவர்கள் விடவில்லை. உலுக் பேக்குக்கும் நிலாவில் ஒரு பள்ளம் உண்டு, மேற்கு ஓரத்தில்.

பேச்சு அபாரம், ஆர்வம் குறைவு

இப்போது நம் காலம். எழுத்தும் விண்வெளியும் சேர்ந்த தலைவர் யார் என்று கேட்டால் முதலில் வருவது ஜான் எஃப். கென்னடிதான். புலிட்சர் பரிசு வாங்கிய ஒரே அமெரிக்க அதிபர். 1957-ல் 'ப்ரொஃபைல்ஸ் இன் கரேஜ்' நூலுக்குக் கிடைத்தது. அதில் உதவியாளர் டெட் சோரன்சனின் கை நிறைய இருந்தது என்பது தனிக் கதை. 1962 செப்டம்பர் 12 அன்று ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில், வெயிலில் உட்கார்ந்திருந்த சுமார் 40,000 பேர் முன்னால், நிலவுக்குப் போவோம் என்று பேசினார். கஷ்டம் என்பதாலேயே இதைத் தேர்ந்தெடுத்தோம் என்ற அந்தப் பேச்சு யூடியூப்பில் இன்றும் ஓடுகிறது. வேலைக்குப் போகப் பிடிக்காத திங்கட்கிழமை காலையில் நானும் கேட்டிருக்கிறேன்.

அதற்குப் பத்து வாரம் கழித்து, நவம்பர் 21-ல், வெள்ளை மாளிகையில் நாசா தலைவர் ஜேம்ஸ் வெப்போடு ஒரு கூட்டம். டேப்பில் பதிவாகி, பல ஆண்டு கழித்து வெளியானது. அறிவியலுக்கு முதலிடம் கொடுங்கள், விண்வெளியைப் புரிந்துகொள்வதுதான் குறி என்கிறார் வெப். கென்னடியோ, எனக்கு விண்வெளி மேல் அப்படியொன்றும் ஆர்வம் இல்லை என்கிறார். ரஷ்யாவை முந்த வேண்டும், அதனால்தான் இவ்வளவு பணம், அவ்வளவுதான். மேடையில் கேட்ட கவிஞரைக் கூட்ட அறையில் காணோம்.

இதை வைத்துக் கென்னடியைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். பணம் கொடுப்பவருக்குக் காரணம் வேண்டும், அவருக்கு அது பனிப்போர். ஆனால் விளைவைப் பாருங்கள். 1966-ல் அமெரிக்க அரசு செலவிட்ட ஒவ்வொரு 100 டாலரிலும் 4 டாலருக்கும் மேல் நாசாவுக்குப் போனது. 1969-ல் போட்டி முடிந்தது. அடுத்த வருஷமே அப்பல்லோ 18, 19, 20 பயணங்களுக்கு மூடுவிழா. 1972 டிசம்பருக்குப் பிறகு நிலா மண்ணில் மனிதக் கால் படவில்லை. ஜெயிப்பதற்காகப் போனவர்கள், ஜெயித்ததும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அப்பல்லோவில் எனக்குப் பிடித்த விஷயம் அந்தப் பேச்சோ, கொடியோ இல்லை. ஒரு குழாய். அப்பல்லோ 17-ல் போனவர்கள் நிலாவில் மண்ணைக் குத்தி எடுத்த குழாய்களில் ஒன்றை அங்கேயே வெற்றிடத்தில் மூடி சீல் வைத்தார்கள். பூமிக்கு வந்த பிறகும் திறக்கவில்லை. இன்றைய கருவிகள் போதாது, பின்னால் வருபவர்களிடம் இதைவிட நல்ல கருவி இருக்கும் என்று எடுத்து வைத்துவிட்டார்கள். அதைத் திறந்தது 2022 மார்ச்சில், ஐம்பது வருஷம் கழித்து. பிறக்காத வாசகருக்குக் கடிதம் எழுதுவதும் இதுவும் ஒன்றுதான். ஓய்வுபெற்ற தாத்தாக்கள் எடுத்து வைத்ததைப் பேரன் பேத்தி வயதுப் பொறியாளர்கள் பிரித்தார்கள். அல்ஃபோன்சோவின் அட்டவணையை கோப்பர்நிகஸ் பிரித்த மாதிரி.

விண்வெளி ஆய்வின் மதிப்பு என்று என்னைக் கேட்டால் இந்தக் குழாயைத்தான் காட்டுவேன். செலவு செய்பவரின் பதவிக்காலத்தில் பதில் வராது. வராது என்று தெரிந்தே கேட்க வேண்டும். தேர்தல் காலண்டருக்கு இது ஒத்துவராது. படிக்கிற பழக்கம் உள்ள ஆட்சியாளருக்கு மட்டும் இதில் கொஞ்சம் பயிற்சி இருக்கும். முந்நூறு வருஷம் முன்னால் எழுதியது இன்றைக்குத் தன் கையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

26 காசு கணக்கு

சரி, நம்ம ஊர். முதலில் பணம், ஏனென்றால் சண்டை அங்கேதான். 2025-26 மத்திய பட்ஜெட் மொத்தம் சுமார் 50.65 லட்சம் கோடி ரூபாய். விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது சுமார் 13,416 கோடி. 100 ரூபாயில் 26 காசு. இந்த 26 காசை நிறுத்தினால் எந்தக் குழந்தையின் தட்டிலும் கூடுதலாகச் சோறு விழும் என்று நான் நம்பவில்லை. தட்டு காலியாக இருப்பதற்கான காரணங்கள் வேறு இடங்களில் இருக்கின்றன.

இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்த பிரதமரும் எழுத்தாளர்தான். அகமதுநகர் கோட்டைச் சிறையில் உட்கார்ந்து 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா' எழுதியவர் நேரு. விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழு 1962-ல் அவர் ஆட்சியில் அமைந்தது, தலைவர் விக்ரம் சாராபாய். கென்னடி ஸ்டேடியத்தில் முழங்கிய அதே வருஷம். நேருவிடமிருந்து அப்படியொரு நிலவு உரை வரவில்லை. சாராபாயும், ஏழை நாட்டுக்கு நிலா எதற்கு என்று கேட்டவர்களிடம், பணக்கார நாடுகளோடு நிலாப் போட்டி போடும் கனவு எங்களுக்கு இல்லை, சமூகத்தின் நிஜப் பிரச்சினைக்கு இந்தத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் பின்தங்க மாட்டோம் என்றுதான் பதில் சொன்னார்.

அவர் சொன்னது நடந்தது 1975 ஆகஸ்டில். அமெரிக்காவிடம் இரவல் வாங்கிய ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் வழியே, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு ஒரு வருஷம் டி.வி. ஒளிபரப்பு. விவசாயம், உடல்நலம், பள்ளிப்பாடம். இந்தி, ஒடியா, தெலுங்கு, கன்னடம் என்று அந்தந்த ஊர் மொழியில். (தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை.) மின்சாரமே சரியாக வராத ஊருக்கு வானத்திலிருந்து வந்த முதல் சத்தம் அந்த ஊர் பாஷையில் வந்தது. அல்ஃபோன்சோ இருந்திருந்தால் கைதட்டியிருப்பார். அதைப் பார்க்க நேருவும் இல்லை, சாராபாயும் இல்லை. ஒருவர் 1964-ல் போய்விட்டார், இன்னொருவர் 1971 டிசம்பரில். ஆள் போனாலும் நிறுவனம் வேலையை முடித்தது. உலுக் பேக் செய்யாமல் விட்டது இதைத்தான்.

"கலாமை விட்டுட்டீங்களே" என்று கமென்ட் வரும், தெரியும். அவர் குடியரசுத் தலைவர், பட்ஜெட் போடும் ஆட்சியாளர் அல்ல. ஆனால் நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் ராக்கெட்டைப் பேச்சுவழக்கில் கொண்டுபோய்ச் சேர்த்த விதத்தில் அவர் இந்தக் கட்டுரையின் கட்சிதான்.

தும்பாவிலிருந்து ஒக்கி வரை

இவ்வளவும் பழங்கதையாக முடிந்துவிடக் கூடாது. அதனால் ஒரு கடற்கரைக்குப் போவோம்.

இந்தியாவின் முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரம் அருகே தும்பாவிலிருந்து கிளம்பியது. பூமியின் காந்த நடுக்கோடு அந்தப் பக்கமாகப் போவதால் அந்த இடம். அது ஆளில்லாத பொட்டல் இல்லை, மீனவ கிராமம். அங்கே புனித மரிய மகதலேனாள் தேவாலயம் இருந்தது. சாராபாயும் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரெய்ராவும் பேசினார்கள், ஊர்மக்கள் ஒத்துக்கொண்டார்கள். தேவாலயம் அலுவலகமானது, ஆயர் வீடு பணிமனையானது. இந்திய விண்வெளித் திட்டத்துக்கு முதல் இடம் கொடுத்தவர்கள் மீனவர்கள்.

ஐம்பத்து நாலு வருஷம் கழித்து, 2017 நவம்பர் 30. அதே கடற்கரையை ஒக்கி புயல் தாக்கியது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலுக்கு நாள்கணக்கில், வாரக்கணக்கில் போகிறவர்கள். புயல் உருவாகும்போது பல படகுகள் ஏற்கெனவே நடுக்கடலில் இருந்தன. இன்சாட் செயற்கைக்கோள்கள் மேகத்தைப் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தன. கீழே இருந்த படகுக்குச் சொல்லத்தான் வழியில்லை. கைப்பேசி சிக்னல் கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே செத்துவிடும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் சேர்த்து நூற்றுக்கணக்கான மீனவர்கள் வீடு திரும்பவில்லை.

1999 ஒடிசா சூப்பர் புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2019-ல் அதே ஒடிசாவை ஃபானி தாக்கியபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள், உயிரிழப்பு நூறைத் தாண்டவில்லை. செயற்கைக்கோள் மட்டும் செய்த வேலையில்லை இது. எச்சரிக்கை ஒடியாவில், எஸ்.எம்.எஸ்ஸாக, ஒலிபெருக்கியாக, கதவைத் தட்டிய தன்னார்வலராக வீடு வரை போனது. வானத்தில் தெரிந்தது வாசலுக்கு வந்தால் ஃபானி, வழியில் நின்றால் ஒக்கி. ரெண்டுக்கும் நடுவில் இருப்பது ராக்கெட் தொழில்நுட்பம் இல்லை.

ஒக்கிக்குப் பிறகு சும்மா இருந்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி அறிமுகமானது. செயற்கைக்கோள் வழியே வரும் புயல் எச்சரிக்கையை வாங்கி, மீனவரின் போனில் உள்ள செயலியில் அவர் மொழியில் காட்டும். ஆனால் ஒருவழிப் பாதை. படகிலிருந்து "காப்பாத்துங்க" என்று திருப்பிச் சொல்ல முடியாது. இருவழியில் பேசும் டிரான்ஸ்பாண்டர்களை 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30-ல்தான் தொடங்கியது. இஸ்ரோவின் தொழில்நுட்பம். மதிப்பு 364 கோடி ரூபாய். சந்திரயான்-3க்கு ஆனது சுமார் 615 கோடி.

சந்திரயானை நிறுத்திவிட்டு இதைச் செய்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. 2023 ஆகஸ்ட் 23 மாலை அந்த லேண்டர் இறங்கியபோது நானும் ஆபீஸில் லேப்டாப்பை மூடிவிட்டுக் கத்தியவன்தான். திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் என்றதும் இன்னும் கொஞ்சம் சத்தமாக. 26 காசிலேயே ரெண்டுக்கும் இடம் இருந்திருக்கும், முதலாவதற்கு இருந்த அவசரம் ரெண்டாவதற்கு இல்லை என்பதுதான் என் குறை. நிலாவில் இறங்கும் நிமிடத்தை எல்லா சேனலும் நேரலையில் காட்டும். நடுக்கடலில் ஒரு படகில் பச்சை விளக்கு எரிவதை யார் காட்டப்போகிறார்கள்? ஒக்கிக்கும் டிரான்ஸ்பாண்டர் திட்டத்துக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஏழு வருஷம் ஓடியது.

எழுதத் தெரிந்த, பேசத் தெரிந்த தலைவர் வேண்டாம் என்கிறேனா? அதுவும் இல்லை. மேடைப் பேச்சு விண்வெளிக்குப் பணம் வாங்கித் தரும், அது உபயோகம்தான். ஆனால் சொல் மேல் நிஜமான காதல் இருக்கும் ஆட்சியாளருக்கு இன்னொரு உறுத்தலும் இருக்க வேண்டும், இது யாருக்குப் புரியும், அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று. கவிதை எழுதிவிட்டு வாசகரைத் தேடும் அதே உறுத்தல். அல்ஃபோன்சோவிடம் அது இருந்தது. ரைஸ் ஸ்டேடியப் பேச்சில் அதைக் காணோம்.

இப்போது தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கான புதிய ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். தும்பா மாதிரியே கடற்கரை, தும்பா மாதிரியே பக்கத்தில் மீனவர்கள். அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பும் நாளில் மேடை இருக்கும், நல்ல தமிழில் நீளமான உரைகளும் இருக்கும். மணப்பாட்டிலும் ஆலந்தலையிலும் எத்தனை படகில் டிரான்ஸ்பாண்டர் வேலை செய்கிறது, நள்ளிரவில் வரும் எச்சரிக்கையை அந்தப் படகில் இருப்பவர் படிக்க முடிகிறதா என்று உரைகள் தொடங்குவதற்கு முன்னால் யாராவது கேட்டு வாங்கி வைத்தால் நன்றாக இருக்கும்.